கேள்வி – பதில்: அதுவும் மிதக்கிறதுதானே மனே

போன இதழில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, இரட்சிப்பு என்பது கரை தெரியாத இரவில் வள்ளத்தை வீட்டுக்குத் திருப்புவதைப் போன்றது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். எழுதியவன் மறந்துபோனான், வாசித்தவர்கள் விடவில்லை. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உப்புத் தண்ணீர். மற்றக் கேள்விகளை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆசிரியரும் சொல்லிவிட்டார். சரி, இந்த முறை முழுக்கக் கடல்தான்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் குருவானவர் அல்ல. மட்டக்களப்பு நாவலடியில் பிறந்து, புவியியல் படிப்பித்துப் பென்சன் எடுத்த வாத்தியார். மெதடிஸ்த சபையில் ஞாயிறுகளில் பிரசங்கத்துக்கு ஆள் இல்லாவிட்டால் என்னைக் கூப்பிடுவார்கள். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவில் ஒரு துண்டு மணல், அதுதான் எங்கள் ஊர். கடலைப் பற்றிப் பேசாமல் இருக்கச் சொன்னால்தான் எனக்குக் கஷ்டம்.

கேள்வி: ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்காக இரட்சிப்பின் பாதையைக் கப்பல் படமாகப் பெரிய தாளில் கீறப் போகிறேன். கப்பல் எது, பாய் எது, சுக்கான் எது, நங்கூரம் எது, மாலுமி யார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதித் தருவீர்களா?
(ஓர் ஆசிரியை, பெரியகல்லாறு)

பதில்: தரமாட்டேன் மகள், கோபிக்க வேண்டாம். அந்தப் பட்டியலை நானும் ஒரு காலத்தில் வைத்திருந்தேன். கப்பல் சபை, பாய் விசுவாசம், காற்று பரிசுத்த ஆவி, சுக்கான் மனச்சாட்சி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனபோது பின் வாங்கிலிருந்து ஒரு பொடியன் எழும்பி, "சேர், அப்ப எஞ்சினுக்கு ஊத்துற மண்ணெண்ணெய் எது?" என்று கேட்டான். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை, கேட்கத்தானே செய்வான். அன்றைக்குப் பட்டியலை மடித்து வைத்தவன்தான். பலகைக்குப் பலகை பெயர் ஒட்டினால் பிள்ளைகளுக்குப் பெயர்கள்தான் பாடமாகும், பயணம் ஆகாது.

அதற்குப் பதிலாக ஒரு கதை தருகிறேன். எனக்கு அப்போது பதினாலு வயது. எங்கள் வள்ளத்துக்கு எஞ்சின் கிடையாது. பாயும் தண்டும்தான். பின்னேரம் கடலில் இறங்கி, வலை போட்டு இழுத்து, நடுச்சாமத்துக்குப் பிறகு திரும்பிக்கொண்டிருந்தோம். மூத்தப்பா களைத்துப்போய் வள்ளத்தின் முன்பக்கத்து அணியத்தில் சாக்கை விரித்துப் படுத்துவிட்டார். படுக்கும் முன் சுக்கானை என் கையில் தந்து, "மனே, அந்த வெளிச்சவீட்ட விட்டுடாத. அணியத்துக்கு நேர வைச்சிக்கொண்டு வா" என்றார்.

பாலமீன்மடு வெளிச்சவீட்டைத்தான் சொன்னார். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் 1913இல் கட்டியது, 28 மீற்றர் உயரம். நாவலடிப் பிள்ளைகளுக்கு அது கோயில் மணி மாதிரி, இருக்கிறது என்பதே நினைவில் இராது. கொஞ்ச நேரம் சொன்னபடி வந்தேன். அப்புறம் ஒரு மழைத்தூறல் கரைப்பக்கத்தை மூடிவிட்டது. வெளிச்சம் தெரியவில்லை. மூத்தப்பாவை எழுப்பியிருக்க வேண்டும். எழுப்பவில்லை, பதினாலு வயது ரோசம். அந்த நேரம் பார்த்து வலப்பக்கமாக இன்னொரு வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சவீட்டை விடக் கிட்ட, வெளிச்சவீட்டை விடப் பிரகாசம். மனதுக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா! அதையே பிடித்துக்கொண்டு வந்தேன். எவ்வளவு வந்தும் அது அதே தூரத்தில்தான் நின்றது. அதுவே சந்தேகத்தைத் தந்திருக்க வேண்டும்.

விடிந்தபோது எதிரே இருந்தது களுவன்கேணிக் கரை. நான் இரவு முழுக்கப் பின்தொடர்ந்தது வேறொரு வள்ளத்தில் தொங்கிய பெற்றோல்மக்ஸ் விளக்கு. அவர்கள் தங்கள் பாட்டுக்கு வடக்கே போயிருக்கிறார்கள். எழும்பிப் பார்த்த மூத்தப்பா ஏசவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒரு வார்த்தைதான் சொன்னார்: "அதுவும் உன்னைப் போல மிதக்கிறதுதானே மனே."

அதன்பிறகு மத்தியானம் வரை தண்டு வலித்தோம். கீரிமீன் முழுக்க வெயிலில் நாறிப்போனது. அது வேறு கதை.

இரட்சிப்பைப் பற்றி நான் பிற்காலத்தில் வாசித்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் அடங்கிவிடுகிறது. மிதக்கிற ஒன்றைக் குறியாக வைத்து மிதக்கிற ஒருவன் கரை சேர முடியாது. என்னுடைய நல்ல எண்ணம் மிதக்கிறது. இத்தனை வருடம் கோயிலுக்குப் போனேன் என்ற கணக்கு மிதக்கிறது. எங்கள் போதகர் எவ்வளவு நல்லவர் என்றாலும், பாவம், அவரும் மிதக்கிறார். குறி வள்ளத்துக்கு வெளியே, அலை அசைக்காத இடத்தில் இருக்க வேண்டும். எபிரெயர் நிருபம் ஆறாம் அதிகாரத்தில் நம்பிக்கையை "ஆத்தும நங்கூரம்" என்று சொல்லி, அது திரைக்குள்ளே போகிறது என்று சேர்த்துச் சொல்வதைக் கவனித்துப் பாருங்கள். நங்கூரம் போய்ப் பிடிக்கிற இடம் நம் கண்ணுக்குத் தெரியாத இடம், நமக்கு வெளியே உள்ள இடம். வள்ளத்துக்குள் கிடக்கிற நங்கூரம் வெறும் பாரம்தானே.

ஆகவே மகள், கரையில் ஒரு வெளிச்சவீடு, கடலில் ஒரு சின்ன வள்ளம், இவ்வளவு மட்டும் கீறுங்கள். பெயர் ஒன்றும் எழுத வேண்டாம். பிள்ளைகள் கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். விளக்கை மாறிப் பிடித்த கெட்டிக்காரன் யார் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுங்கள்.

கேள்வி: நான் சைவன். உங்கள் வரியை வாசித்ததும் "பிறவிப் பெருங்கடல் நீந்துவர்" என்ற குறள்தான் நினைவுக்கு வந்தது. நாங்கள் நீந்துகிறோம், நீங்கள் கப்பலில் ஏறி இருந்துகொண்டு போகிறீர்கள். உங்களுடையது சுகமான வழி என்று எடுத்துக்கொள்ளலாமா?
(ஒரு வாசகர், தம்பிலுவில்)

பதில்: நல்ல குத்து ஐயா. ஆனால் குறளைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். "நீந்தார் இறைவன் அடி சேராதார்" என்று முடிகிறது. நீந்துவது கைவலிமை என்று வள்ளுவர் சொல்லவே இல்லை. பரிமேலழகர் இன்னும் ஒரு படி போய், இறைவன் அடியைப் புணை என்கிறார். புணை என்றால் தெப்பம். அப்படியானால் நீங்களும் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் போகிறீர்கள்!

அதற்காக இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லி உங்களை ஏமாற்றவும் மாட்டேன். கடலே வேறு. உங்கள் கடல் திரும்பத் திரும்ப வரும் பிறவி. எங்கள் வேதத்தில் மனிதன் பிறப்பதும் ஒருதரம், இறப்பதும் ஒருதரம். எங்களைப் பயமுறுத்துகிற கடல் பாவமும் மரணமும்.

பேதுருவின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தண்ணீர்மேல் நடந்து வந்தவன் காற்றைக் கண்டு பயந்து அமிழத் தொடங்கி, "ஆண்டவரே, என்னை இரட்சியும்" என்று கத்தினான். இரட்சிப்பு என்றதும் பெரிய வேதாந்தமாக நினைக்கிறோம். அங்கே அந்தச் சொல் வருவது தண்ணீர் கழுத்துக்கு ஏறின ஒரு மீன்பிடிகாரன் வாயிலிருந்து. அவனுக்கு நீந்தத் தெரியாதா? யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் படகிலிருந்து குதித்துக் கரைக்குப் போகிறவனும் அவனே. நீந்தத் தெரிந்தவன் கத்தினான் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம். சுகமான வழியோ என்னவோ, கத்துவதற்கு ரோசத்தை விட வேண்டியிருக்கிறது. பதினாலு வயதில் என்னால் அது முடியவில்லை.

கேள்வி: வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து பலநாள் படகில் போகிறவன் நான். ஜீபிஎஸ் இருக்கும்போது வெளிச்சவீட்டையும் நட்சத்திரத்தையும் வைத்துப் பிரசங்கம் செய்வது பழசு இல்லையா?
(ஓர் இளைஞர், வாழைச்சேனை)

பதில்: பழசுதான் தம்பி. அதனால் ஜீபிஎஸ்ஸையே எடுத்துக்கொள்வோம்.

உங்கள் கையில் இருக்கிற பெட்டி தானாக ஒன்றையும் கண்டுபிடிப்பதில்லை. ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகள் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் சைகை வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துத்தான் பெட்டி தூரத்தைக் கணக்குப் பார்க்கிறது. இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று செய்மதி போதும் என்று நினைப்பீர்கள். போதாது, குறைந்தது நாலு வேண்டும். ஏன் தெரியுமா? செய்மதியில் இருப்பது அணுக் கடிகாரம், பெட்டிக்குள் இருப்பது மலிவுக் கடிகாரம். தன் கடிகாரம் எவ்வளவு பிழை என்று கண்டுபிடிக்கத்தான் அந்த நாலாவது. தன் நேரம் சரி என்று அடம்பிடிக்கிற பெட்டி உங்களைக் கடலில் எங்கேயோ கொண்டுபோய் வைக்கும். வகுப்பில் இதைப் படிப்பித்த அன்று, மனந்திரும்புதலுக்கு இதைவிட நல்ல உவமை கிடையாது என்று நினைத்தேன். பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லாததால் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. கொம்பாசுக்குப் பக்கத்தில் யாராவது இரும்புச் சாமானையோ ஸ்பீக்கரையோ வைத்துவிட்டால் ஊசி இழுபடும் என்று உங்களுக்கே தெரியும். ஊசியில் பிழை இல்லை, பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். ஒரே ஒரு பாகை பிசகினாலும் அறுபது கடல்மைல் ஓடி முடிக்கும்போது நீங்கள் நினைத்த இடத்துக்கு ஒரு கடல்மைல் தள்ளி நிற்பீர்கள். யாரும் ஒரே நாளில் விசுவாசத்தை விட்டு ஓடுவதில்லை. எபிரெயர் இரண்டாம் அதிகாரம் கேட்டவற்றை "விட்டு விலகாதபடிக்கு" கவனிக்கச் சொல்கிறது. கிரேக்கத்தில் அது நீரோட்டத்தில் மெல்ல அடிபட்டுப் போவதைக் குறிக்கிற சொல். நித்திரை கொண்டவனுக்குத் தெரியாமல் நடக்கிற காரியம்.

கடைசியாக, முகத்துவாரம். மாரியில் வாவி வெள்ளம் கடலுக்கு வடிய மணலை வெட்டி வாய் திறந்துவிட்ட பிறகு அங்கே மணல் போன கிழமை இருந்த இடத்தில் இந்தக் கிழமை இருக்காது. எந்தப் பெட்டியிலும் அந்தத் திட்டு விழாது. அந்த நேரம் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? காலையில் பத்திரமாக உள்ளே போன வள்ளத்தின் பின்னால் போவார்கள். முன்னே சொன்ன அதே எபிரெயர் ஆறாம் அதிகாரம் இயேசுவை "முன்னோடினவர்" என்கிறது. நங்கூரத்தைச் சொன்ன கையோடு அடுத்த வசனத்திலேயே அதைச் சொல்கிறது.

அப்படியென்றால் அன்றைக்குப் பெற்றோல்மக்ஸ் பின்னால் போனது மட்டும் ஏன் பிழை என்று கேட்பீர்கள். கேளுங்கள், நியாயம்தான். அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை தம்பி. மீனுக்குப் போனார்கள்.

கேள்வி: கடவுள் வானத்தில் சிலுவை வைத்திருக்கிறார், பழைய மாலுமிகள் அதைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடித்தார்கள் என்று மாமா சொல்கிறார். மார்ச் மாதம் தெற்கே காட்டினார், நானும் பார்த்தேன். உண்மையா?
(ஒரு மாணவி, அக்கரைப்பற்று)

பதில்: சிலுவை உண்டு. ஆனால் மார்ச்சில் மாமா காட்டியது பெரும்பாலும் அது அல்ல!

தென் வானத்தில் இரண்டு சிலுவை இருக்கிறது. மார்ச் நடுப்பகுதியில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே நேராக நிற்பது பொய்ச்சிலுவை. மாலுமிகள் வைத்த பெயரே அதுதான். உண்மையான தென்சிலுவை அந்த நேரம் தென்கிழக்கில் தாழ்வாகச் சாய்ந்து கிடக்கும், வீட்டுக் கூரையோ தென்னையோ மறைத்துவிடும். அது நிமிர்ந்து தெற்கே நிற்பதை ஒன்பது மணிக்குப் பார்க்க வேண்டுமானால் மே நடுப்பகுதி வரை பொறுக்க வேண்டும். முதலில் வந்து நேராக நிற்பது பொய். கொஞ்சம் பெரிதும்கூட. அதனால்தான் பலர் அதில் ஏமாந்துபோகிறார்கள்.

வித்தியாசம் பிடிப்பது எப்படி? உண்மையானது சின்னது, நட்சத்திரங்கள் நெருக்கம், வெளிச்சம் கூட. முக்கியமான அடையாளம், அதற்கு இடப்பக்கம் கிழக்கே இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் வரும். சிலுவையின் எந்த நட்சத்திரத்தையும் விட அவை வெளிச்சம். வழிகாட்டிகள் என்று அவற்றுக்குப் பெயர். பொய்ச்சிலுவைக்கு அப்படிச் சாட்சிக்கு யாரும் இல்லை. எந்தக் காரியமும் இரண்டு மூன்று சாட்சிகளால் நிலைவரப்பட வேண்டும் என்று வேதம் சொல்வது வானத்துக்கும் பொருந்துகிறது. சிலுவை நிமிர்ந்து நிற்கும்போது அதன் நெடுங்கால் கீழே தொடுவானத்தைத் தொடும் இடம் தெற்கு. வடக்கே துருவ நட்சத்திரத்தை நம்பலாமே என்றால், மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அது தொடுவானத்திலிருந்து ஏழரைப் பாகை அளவில்தான். கையை நீட்டி முட்டிப் பிடித்துப் பாருங்கள், அந்த முட்டியை விடச் சற்றுக் குறைவு. மந்தாரம் இருந்தால் அவ்வளவுதான்.

கடவுள் அடையாளத்துக்காக வைத்தார் என்பதை மாமாவோடு சேர்ந்து நான் அடித்துச் சொல்லமாட்டேன். பழைய கிரேக்கர் அதைச் சிலுவையாகவே பார்க்கவில்லை, வேறொரு நட்சத்திரக் கூட்டத்தின் கால் என்று எண்ணினார்கள். நம் பக்கத்தில் திரிசங்கு என்பார்கள், மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் நடுவில் தொங்குகிறவன். என்னைப் போன்ற ஞாயிற்றுக்கிழமைக் கிறிஸ்தவர்களுக்கு அந்தப் பெயர்தான் பொருத்தம்.

ஆனால் பொய்ச்சிலுவையை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பயம். கழுத்தில் தொங்குவதும், வாகனக் கண்ணாடியில் ஒட்டுவதும், தேர்தல் மேடையில் காட்டுவதும் பெரிதாக, நேராக, முதலில் வந்து நிற்கிறது. ஒன்றையும் விடச் சொல்லாத சிலுவை. மே மாதம் மாமாவைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய் மற்றதையும் காட்டுங்கள்.

கேள்வி: மெதடிஸ்த ஊழியத்தை இங்கே கொண்டுவரப் புறப்பட்ட தோமஸ் கோக் என்பவர் வழியிலேயே இறந்தார் என்று படித்தேன். கடவுள் அனுப்பிய பயணம் என்றால் ஏன் போய்ச் சேரவில்லை?
(ஒரு மாணவர், புளியந்தீவு)

பதில்: 1813 கடைசியில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டார். 1814 மே 3ஆம் திகதி காலையில் இந்து சமுத்திரத்தில், கப்பல் அறைக்குள் இறந்து கிடந்தார். வயது 66. அன்றைக்கே கடலில் அடக்கம். கூட வந்த இளம் ஊழியர்கள் ஜூன் 29இல் காலியில் இறங்கினார்கள். அவர்களில் வில்லியம் ஓல்ட்தான் மட்டக்களப்புக்கு வந்தவர். வரும் வழியிலேயே மனைவியைக் கடலில் பறிகொடுத்தவர். இங்கே பள்ளிக்கூடம் தொடங்கி, ஒரு வருடம் நிறையும் முன் 1815 ஏப்ரலில் தானும் இறந்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் நீங்கள் படிக்கிறீர்கள் போலிருக்கிறது.

போய்ச் சேர்ந்தாரா என்பதற்கு என்னிடம் இருக்கிற ஒரே பதில்: துறைமுகத்தை அவர் தெரிவு செய்யவில்லை. வாவிக்கரையில் ஓல்ட்டின் சிலையைக் கடந்து போகும்போதெல்லாம், சிலை இல்லாத கிழவரையும் நினைத்துக்கொள்வேன்.

கேள்வி: போன வாடைக்காலத்தில் கடலுக்குப் போன என் தம்பி திரும்பவில்லை. வள்ளம் மட்டும் பாணமைப் பக்கம் ஒதுங்கியது. எங்கள் ஊரில் கூட்டம் நடத்த வந்த ஒருவர், இயேசு இருக்கிற படகு ஒருபோதும் மூழ்காது என்றார். தம்பி ஜெபம் பண்ணாமல் கடலில் இறங்கமாட்டான். அவனுடைய படகில் இயேசு இல்லையா?
(ஊர், பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்)

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்துவிட்டு மேசைக்குள் வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் எடுத்தேன்.

அந்தப் பிரசங்கியார் சொன்னது வேதத்தில் இல்லை. கலிலேயாக் கடலில் ஓர் இரவு காற்று அமர்ந்தது, அது உண்மை. அப்போஸ்தலர் நடபடிகள் 27ஐ அவர் வாசித்திருந்தால் அப்படிப் பேசியிருக்கமாட்டார். பயணத்துக்குக் காலம் தப்பிவிட்டது, போக வேண்டாம் என்று பவுல் சொல்கிறார். நூற்றுக்கு அதிபதி மாலுமியையும் கப்பல்காரனையும் நம்புகிறான். எங்கள் வாடைக்காலம் போலத்தான், வீட்டில் அரிசி இல்லாதவனுக்கும் கடனில் கிடக்கிற முதலாளிக்கும் காற்றுக் கொஞ்சம் அடங்கினால் போதும். பிறகு அநேக நாள் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. பதினாலாம் இரவு ஆழம் பார்க்கிறார்கள், இருபது பாகம், கொஞ்சம் தள்ளி பதினைந்து பாகம். இரண்டு கையையும் விரித்து நாங்கள் கயிறு அளக்கிற அதே பாகம். பின்னணியத்திலிருந்து நாலு நங்கூரம் போட்டு, எப்போது விடியும் என்று காத்திருக்கிறார்கள். அந்த வசனத்தை வாசிக்கும்போதெல்லாம் கரையில் விடியும்வரை நின்ற பெண்களைத்தான் நான் காண்கிறேன். கடைசியில் பவுல் இருந்த கப்பல் உடைந்தது. உடைந்தேவிட்டது. அதற்கு முன்பே மூன்று தரம் கப்பற்சேதத்தில் அகப்பட்டு, ஓர் இராப்பகல் கடலில் கிடந்தவர் அவர். கொரிந்தியருக்கு அவரே எழுதுகிறார். நாலு கப்பலிலும் இயேசு இல்லை என்று சொல்ல அந்த மனிதருக்குத் துணிவு உண்டா?

ஆனால் நான் இத்தோடு நிறுத்தினால் நானும் பொய் சொன்னவன் ஆவேன். பவுலின் கப்பலில் இருந்த 276 பேரும், நீந்தியும் பலகைகளைப் பிடித்தும் கரை சேர்ந்தார்கள். உங்கள் தம்பி சேரவில்லை. அதற்கு என்னிடம் காரணம் கிடையாது.

2004 மார்கழி 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு மறுநாள். நாவலடியில் எங்கள் மூத்த அக்காவின் வீடு இருந்த இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும் மிஞ்சியது. அக்காவைக் கண்டெடுக்கவில்லை. விசுவாசக் குறைவு என்று ஒருவர் ஆறுதல் சொல்ல வந்தார். நான் எழும்பி வெளியே போய்விட்டேன். அதன்பின் இரண்டு வருடம் கடலை வைத்து ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. அந்த நாட்களில் எனக்கு உதவியவர் காத்தான்குடியிலிருந்து எங்கள் கரைக்கு மீன் எடுக்க வருகிற ஒரு நானா. வந்தார், ஒன்றும் பேசவில்லை, பக்கத்தில் இருந்தார், அசர் தொழுகைக்கு எழும்பிப் போனார். மறுநாளும் வந்தார். மூன்றாம் நாள் ஒரு பிளாஸ்க்கில் தேத்தண்ணி கொண்டுவந்தார்.

உடல் கிடைக்காதவர்களுக்கென்று வேதத்தில் ஒரு வசனம் இருக்கிறது என்று பிறகுதான் கண்டேன். வெளிப்படுத்தலில் இருபதாம் அதிகாரம்: சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது என்று வருகிறது. கடல் வைத்துக்கொள்ள முடியாது, கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதற்கு அடுத்த அதிகாரத்தில் சமுத்திரமே இல்லாமற்போகிறது. கடலோரத்தில் பிறந்தவனுக்கு முதலில் அது கவலையாக இருந்தது. இப்போது விளங்குகிறது.

நங்கூரக் கயிறு வள்ளத்தின் பலகையில் கட்டியிருந்தால் பலகையோடு போயிருக்கும், தங்கச்சி. உங்கள் தம்பியைப் பிடித்திருந்தது பலகை அல்ல. அதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை. அவருடைய பெயரை மட்டும் ஒரு துண்டில் எழுதி அனுப்புங்கள். எங்கள் சபையில் கடலில் போனவர்களின் பெயர்களை வாசிக்கிற ஜெபம் ஒன்று உண்டு, அக்காவின் பெயருக்குக் கீழே எழுதிக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, உங்களுக்கு நீந்தத் தெரியுமா?
(ஆறாம் வகுப்பு மாணவன், களுவாஞ்சிகுடி)

பதில்: தெரியும். மூத்தப்பாதான் பழக்கினார். பழக்கினார் என்றால், வாவியில் தோணியிலிருந்து என்னைத் தள்ளிவிட்டு, இரண்டு முழத் தூரத்தில் கையை நீட்டிக்கொண்டு இருந்தார். நான் அடித்துப் பிடித்துக் கிட்டப் போகப் போக, மற்றக் கையால் தோணியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போனார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை.